டம்ளரில் உள்ளது காப்பியா?

தேசத்தில் தீராத பிரச்னைகள் எத்தனையோ இருக்க, காலையில் குடிக்கும் காப்பிக்கு இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்குவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நேயர் இந்தப் பத்திரிகையை ஒரு கையில் பிடித்திருக்கையில் மற்றொரு கையில் எதைப் பிடித்திருக்கிறார் என்று சற்றுப் பார்த்துக்கொள்வாராக! தென்னாட்டில் பத்திரிகையும் காப்பியும் சேர்ந்தே வளர்ந்தவை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று ருசிப்பதில்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காந்தியடிகள் 1942ல் சிறையிலிருந்தபோது எழுதிய ஆரோக்கிய நூலில், தேயிலை, காப்பி, கோக்கோ ஆகிய மூன்றும் தேகத்துக்கு அவசியமானவையல்ல என்று கண்டிப்பாகவே கூறினார். அவருடைய எத்தனையோ கட்டளைகளை உயிரினும் மேலாகப் போற்றிய நம் தமிழ்த் தொண்டர்கள் இந்த ஒன்றை மட்டும் பக்தியோடு கேட்டுவிட்டுப் பக்கத்து ஹோட்டலுக்குச் சென்றார்கள். தடியடியைப் பொறுத்தவர்களால் காப்பியில்லாத காலைப் பொழுதைப் பொறுக்க முடியவில்லை. இதைக் குற்றமாகச் சொல்ல நாம் வரவில்லை. ஒரு பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு அத்தாட்சியாகவே சொல்கிறோம்.

ருசி விஷயத்தில் நம்மவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவருக்கு டிகாக்ஷன் தூக்கலாக இருக்க வேண்டும். மற்றொருவருக்குப் பால் மணம் போகக்கூடாது. சர்க்கரை பாதி, சர்க்கரை இல்லாமல், ஆற்றாமல், நுரை பொங்க ஆற்றி என்று ஒரே மேஜையைச் சுற்றி உட்காரும் நால்வர் நான்கு விதமாகக் கேட்பார்கள். ஹோட்டல் சிப்பந்தியும் அவற்றை எழுதிக்கொள்ளாமலே பிசகின்றிக் கொண்டுவந்து வைப்பார். தெற்கு ஜில்லாக்களில் கருப்பட்டிக் காப்பிக்குத் தனி மதிப்பு உண்டு. பாலில்லாத வரக்காப்பியே காப்பி என்று கொள்ளும் கிராமங்களும் உண்டு. சுக்குக் காப்பியிலும் மல்லிக் காப்பியிலும் காப்பிக்கொட்டை கடுகளவும் இல்லை. பெயர் மாத்திரம் ஒட்டிக்கொண்டது. கும்பகோணம் டிகிரிக் காப்பி என்ற பெயருக்கு, பாலின் தரத்தைக் கருவி வைத்து டிகிரிக் கணக்கில் அளந்ததே காரணம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். சிக்கரி என்ற சொல்லே நாவில் திரிந்து டிகிரியாயிற்று என்று மற்றொரு சாரார் சாதிப்பார்கள். முதல் டிகாக்ஷனே முதல் டிகிரி என்பது மூன்றாவது கட்சி. மூன்று கட்சிகளும் ஒன்றுபடும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

இதெல்லாம் அவரவர் சொந்த விஷயம். அதில் சர்க்காருக்கோ பத்திரிகைக்கோ வேலையில்லை. ஆனால் காப்பி என்று சொல்லி விற்கப்படுவதில் காப்பி எவ்வளவு, வேறு வஸ்து எவ்வளவு என்பது சொந்த விஷயமன்று. காசு கொடுப்பவன் அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனுடைய ருசிக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது?

சிக்கரி என்பது நம்மவர் காசினிக் கீரை என்று அறிந்த இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர். அதை உலர்த்தி, வறுத்து, பொடி செய்தால் கறுத்த நிறமும் லேசான கசப்பும் கருகிய வெல்லத்தின் வாசனையும் உண்டாகும். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அது பெருவாரியாகப் பயிராகிறது. காபீன் என்ற சத்து அதில் அணுவளவும் கிடையாது. ஐரோப்பாவில் 1806ல் நெப்போலியன் ஆங்கிலேயரின் வியாபாரத்தை முடக்குவதற்காகத் துறைமுகங்களை அடைத்தபோது, காப்பிக்கொட்டை வரவு நின்று போன பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரைத் தஞ்சம் புகுந்தார்கள். யுத்தம் முடிந்தது, நெப்போலியனும் தீவில் மாண்டான், சிக்கரி மட்டும் போகவில்லை. இங்கிலாந்தில் வியாபாரிகள் அதைக் காப்பியோடு தாராளமாகக் கலந்து, காப்பி விலைக்கே விற்றார்கள். 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற வைத்தியர் கடைகடையாகக் காப்பித் தூள் வாங்கி, பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக் குட்டை வெளியிட்டார். அதுவரை தூளிலுள்ள கலப்படத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று அதிகாரிகள் கைவிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய முயற்சியும் அவரை ஒத்த சிலருடைய முயற்சியுமே 1860ல் அந்நாட்டில் உணவுக் கலப்படச் சட்டம் பிறக்கக் காரணமாயின.

சிக்கரியை விஷம் என்று சொல்ல நாம் தயாராயில்லை. அது டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் தருகிறது. பாலை நிறைய விட்டாலும் காப்பி வெளுத்துப் போகாமல் காக்கிறது. கலப்பில்லாத காப்பியை முதல் தடவையாகக் குடிக்கும் தமிழர் பலர், "இது என்ன, தண்ணீராக இருக்கிறதே!" என்று முகம் சுளிப்பார்கள். அவர்களுடைய நாக்கு சிக்கரியில் பழகிய நாக்கு. தெரிந்து விரும்பி வாங்குகிறவனைத் தடுப்பது அடாவடியாகும். நம் தேசத்துச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. காப்பி‑சிக்கரிக் கலவையில் நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையாமல் காப்பி இருக்க வேண்டும். காப்பி இத்தனை சதவிகிதம், சிக்கரி இத்தனை சதவிகிதம் என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த எழுத்தைப் படித்துவிட்டுப் பொட்டலத்தை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

தூளைச் சோதிக்க வேறு வழியும் உண்டு. பூதக் கண்ணாடி தேவையில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீரை நிரப்பி, ஆடாமல் வைத்து, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவுங்கள். காப்பித் தூள் எண்ணெய்ப் பசையுள்ளதாகையால் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி உடனே நீரை உறிஞ்சிக் கீழே இறங்கும். இறங்கும் வழியெல்லாம் பழுப்பு நிறக் கோடு கிழித்துக்கொண்டே போகும். வீட்டிலுள்ள சிறுவர்கள்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

வீட்டுக்கு வாங்கும் தூளின் கதை இது. கண்ணெதிரே கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைகளில், பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று சொல்லி வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பட்டணங்களில் இன்னும் அழியவில்லை. அந்த வாடிக்கைக்காரர் தம் உரிமையை அறிந்தவர். ஹோட்டலில் உட்கார்ந்தவுடன் அதே மனிதர் உரிமையற்றவராகி விடுகிறார். டம்ளருக்கு லேபிள் கிடையாது. தூளில் சிக்கரி எவ்வளவு என்பது ஹோட்டல் முதலாளிக்குத் தெரியும், அடுப்படியில் நிற்பவருக்கும் ஒருவேளை தெரிந்திருக்கும், குடிப்பவருக்குத் தெரியாது. உலகச் சந்தையில் காப்பிக்கொட்டையின் விலை 2024லும் 2025லும் முன் கண்டிராத உயரத்துக்கு ஏறியது. சிக்கரியோ எப்போதும் காப்பியைவிட மிக மலிவு. டம்ளரின் விலையை ஏற்றாமல் லாபத்தைக் காப்பாற்றிக்கொள்ள எந்தப் பக்கம் கை போகும் என்பதை ஊகிக்கப் பொருளாதார சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

காப்பியிலும் காப்பி ஒன்றல்ல. இதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதில் தமிழனுக்கும் பங்கு உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இலங்கை மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். அவற்றில் வேலை செய்யத் தமிழ் ஜில்லாக்களிலிருந்து ஏழை ஜனங்கள் கடல் கடந்து, காட்டு வழியாகக் கால்நடையாகவே மலையேறினார்கள். காலராவாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869ல் அந்தத் தோட்டங்களில் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படிவது தெரிந்தது. அது ஒரு பூஞ்சணம். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழிலை அது அநேகமாக நிர்மூலமாக்கிவிட்டது. துரைமார்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். செடி மாறியது, கூலி மாறவில்லை. அந்தத் தொழிலாளரின் சந்ததியாரில் பெரும்பாலோரைச் சுதந்திர இலங்கையின் 1948ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவராக்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பூஞ்சணம் இந்தியாவையும் விடவில்லை. பாபா புடன் என்ற முஸ்லிம் பெரியார் பதினேழாம் நூற்றாண்டில் ஏமன் தேசத்திலிருந்து கொட்டை கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்ததாகச் சொல்லப்படும் காப்பி அராபிகா என்ற ஜாதியைச் சேர்ந்தது. மணம் மிகுந்தது, நோய்க்கு எளிதில் இரையாவது. ஆகவே நோயைத் தாங்கக்கூடிய ரோபஸ்டா என்ற ஆப்பிரிக்க ஜாதியை இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தோட்டக்காரர்கள் வரவழைத்தார்கள். அது தாழ்ந்த மலைகளிலும் வளரும், நிறையக் காய்க்கும், மணம் குறைவு, கசப்பு அதிகம். இன்று கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு முதலிய இடங்களில் விளையும் இந்தியக் காப்பியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு ரோபஸ்டாதான்.

குடிப்பவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். காபீன் அராபிகாவில் நூற்றுக்கு 1.2 பங்கு சுமாராகவும், ரோபஸ்டாவில் 2.2 பங்கு சுமாராகவும் இருக்கிறது. பத்துக் கிராம் கலப்பில்லாத அராபிகாத் தூளில் 120 மில்லிகிராம் காபீன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் சொன்னாரென்று ஒருவர் காபீனைக் குறைப்பதற்காக நூற்றுக்கு 40 பங்கு சிக்கரி கலந்த தூள் வாங்குகிறார். அதில் காப்பி ஆறு கிராம்தான். அந்த ஆறு கிராமும் ரோபஸ்டாவாக இருந்துவிட்டால் அதில் 132 மில்லிகிராம் காபீன்! குறைக்கப் போனவர் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சிக்கரி எத்தனை பங்கு என்று பொட்டலத்தில் எழுதியிருக்கிறது. காப்பி எந்த ஜாதி என்று பெரும்பாலான பொட்டலங்களில் எழுதியிருப்பதில்லை.

காபீனைக் காப்பியிலிருந்து பிரித்தெடுத்த பெருமை ரூங்கே என்ற ஜெர்மன் ரசாயன சாஸ்திரிக்கு உரியது. அது 1819ஐ ஒட்டி நடந்தது. அவருக்குக் கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் மகாகவி கெதே. அது தேகத்தில் வேலை செய்யும் விதத்தை நம் தொண்டர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் விழித்திருந்து உழைக்க உழைக்க, மூளையில் அடினோஸின் என்ற வஸ்து சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய இடங்களில் போய்ப் பொருந்தும்போது நமக்குச் சோர்வும் தூக்கமும் வருகின்றன. காபீன் முந்திக்கொண்டு அந்த இடங்களில் உட்கார்ந்துவிடுகிறது. அடினோஸின் வெளியே காத்துக்கிடக்கிறது. ஆகவே காப்பி நமக்குப் புதிய பலம் எதையும் கொடுப்பதில்லை. களைப்பு என்ற செய்தி மூளைக்கு எட்டாமல் தணிக்கை செய்கிறது, அவ்வளவுதான். காபீன் இறங்கியதும் காத்துக்கிடந்த அடினோஸின் முழுவதும் ஒருங்கே உள்ளே நுழைகிறது.

தேகத்தில் புகுந்த காபீனில் பாதி கழிவதற்குச் சராசரி ஐந்து மணி நேரம் ஆகிறது. கர்ப்பவதிகளுக்கு இதைவிட வெகு நேரம் பிடிக்கும். புகை பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் கழிந்துவிடும். பரம்பரையாலும் வித்தியாசம் உண்டு. ஒருவர் இரவு பத்து மணிக்குக் காப்பி குடித்துவிட்டுக் குறட்டை விடுவதும் மற்றொருவர் மாலைக் காப்பியால் விடியவிடிய விழித்திருப்பதும் வெறும் பழக்கத்தினால் மட்டுமல்ல. தேர்தல் காலங்களில் நம் கட்சிக் காரியாலயங்களில் நடப்பதைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு ஒன்று, பொதுக்கூட்டம் முடிந்து பதினொரு மணிக்கு ஒன்று, சுவரொட்டி ஒட்டக் கிளம்புமுன் ஒன்று. எட்டு மணிக் காப்பியில் பாதி, இரவு ஒரு மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மணிக்குப் படுத்த இளைஞர் தூங்கியதாகவே நினைத்துக்கொள்கிறார். ஆனால் ஆழ்ந்த தூக்கம் அவருக்குக் கிட்டுவதில்லை. காலையில் அந்தக் குறைக்கும் காப்பியையே மருந்தாகக் கேட்கிறார். ஒரு நாள் கிடைக்காவிட்டால் மண்டையிடி. அந்த மண்டையிடியும் காபீனை நிறுத்தியதன் விளைவுதான். சில நாள் பொறுத்தால் தானே போய்விடும்.

எவ்வளவு குடிக்கலாம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத்திலுள்ள அதன் போஷாக்கு ஆராய்ச்சி ஸ்தாபனமும் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் காபீனுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 வரையிலும் காபீன் இருக்குமென்று அதே ஏடு சொல்கிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பியும் தேநீரும் தவிர்க்கத்தக்கவை என்றும் அது எச்சரிக்கிறது. ஏனென்றால் அவற்றிலுள்ள சில வஸ்துக்கள் உணவிலுள்ள இரும்புச் சத்தைத் தேகம் ஏற்காதபடி தடுக்கின்றன. ரத்தசோகையால் நம் பெண்மணிகள் எவ்வளவு பேர் வாடுகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் இந்த எச்சரிக்கையை வீட்டில் வாய்விட்டுப் படிப்பார்களாக. இலையிலிருந்து எழுந்த கையோடு காப்பி கேட்கும் ஆண்மக்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது நகரங்களில் குளிர்சாதனம் வைத்த புதுவிதக் காப்பிக் கடைகள் பெருகியிருக்கின்றன. 1996ல் பெங்களூரில் இந்திய நிறுவனம் ஒன்று இதைத் துவக்கியது. 2012ல் அமெரிக்காவின் பிரசித்தமான கம்பெனி டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து பம்பாயில் வந்து இறங்கியது. எஸ்பிரஸோ, காப்பசீனோ, லாட்டே என்று அங்கே மந்திரம்போல் பெயர்கள் எழுதியிருக்கும். இளைஞர்கள் மிரள வேண்டியதில்லை. எஸ்பிரஸோ என்பது இயந்திர அழுத்தத்தினால் அரை நிமிஷத்துக்குள் இறக்கப்படும் சுமார் 30 மில்லிலிட்டர் டிகாக்ஷன். நம் பில்டரில் சொட்டுச் சொட்டாகக் கால் மணி நேரத்தில் இறங்குவதை அது அவசரமாகச் செய்கிறது. லாட்டே என்றால் இத்தாலிய பாஷையில் பால். ஆகவே அது நம் பால் காப்பியின் வெளியூர் உறவு. காப்பசீனோவின் பெயர் காப்புச்சின் சந்நியாசிகள் அணியும் பழுப்பு அங்கியின் நிறத்திலிருந்து வந்தது. சந்நியாசிகளின் பெயரைத் தாங்கிய பானத்தை இவ்வளவு விலை வைத்து விற்பதுதான் நமக்கு விளங்கவில்லை. ஆயினும் ஒரு விஷயத்தில் அந்தக் கடைகளைப் புகழ வேண்டும். எந்த மலையில் விளைந்த கொட்டை, எந்த ஜாதி, எப்படி வறுத்தது என்று அவற்றில் சில தாமாகவே பலகையில் எழுதி வைக்கின்றன.

காப்பிக் கடைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னன், ஜனங்கள் காப்பிக் கடைகளில் கூடி ராஜாங்கத்தைத் தூற்றுகிறார்கள் என்று 1675 டிசம்பரில் அவற்றை மூடும்படி பிரகடனம் செய்தான். கூச்சல் பொறுக்காமல் சில தினங்களுக்குள்ளேயே அதை வாபஸ் வாங்கினான். இந்தியாவில் 1936ல் பம்பாயில் துவங்கிய இந்தியா காப்பி ஹவுஸ், பின்னர் காப்பி போர்டின் நிர்வாகத்தில் பல நகரங்களுக்கும் பரவியது. 1950களின் மத்தியில் போர்டு அந்தக் கடைகளை மூடித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்ப முற்பட்டது. அப்போது ஏ. கே. கோபாலன் அவர்களுக்குத் துணை நின்றார். வேலை போன தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957 ஆகஸ்டில் பெங்களூரிலும் அதே வருஷம் அக்டோபரில் டெல்லியிலும் கடைகளைத் தாங்களே ஏற்று நடத்தினார்கள். பரிமாறுகிறவரே பங்குதாரர் என்ற அந்த ஏற்பாடு பல ஊர்களில் இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் ஊர் ஹோட்டல்களின் சரித்திரம் அவ்வளவு இனிமையானதன்று. "பிராமணாள்" என்ற பெயர்ப் பலகையை எதிர்த்து 1957ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பாகப் பெரியார் நடத்திய கிளர்ச்சி பிரசித்தமானது. பொது ஹோட்டல்களில் ஜாதியைக் காரணம் காட்டி யாரையும் விலக்கலாகாது என்று 1950ல் அரசியல் சட்டம் விதித்தது; பாத்திரங்களை உபயோகிக்க மறுப்பதே குற்றம் என்று 1955ம் வருஷத்துச் சட்டம் மேலும் திட்டவட்டமாகக் கூறியது. இத்தனைக்கும் பிறகு இரட்டைக் குவளைச் செய்திகள் சில கிராமங்களிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் நாம், யாருக்கு எந்த டம்ளர் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. அந்தக் கடைகளில் புகார் எழுதிக் கொடுக்கவும், சாட்சி சொல்லவும் தொண்டர்கள் முன்வராவிட்டால் சட்டம் புத்தகத்திலேயே உறங்கும்.

சிக்கரி விஷயத்தில் நாம் கேட்பது மிகச் சொற்பம். ஹோட்டல்களிலும் கடைகளிலும் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வைக்கட்டும்: இங்கே உபயோகிக்கும் தூளில் காப்பி இத்தனை பங்கு, சிக்கரி இத்தனை பங்கு, காப்பி இன்ன ஜாதி. தூள் வாங்கும் பொட்டலத்திலேயே விகிதம் அச்சிட்டிருக்கிறபடியால் முதலாளிகளுக்கு இதில் புதிய செலவு எதுவும் இல்லை. "விகிதம் எங்கள் தொழில் ரகசியம்" என்று சிலர் சொல்லக்கூடும். பதமாக வறுப்பதும், பக்குவமாக இறக்குவதும், பாலைக் காய்ச்சும் கைத்திறமும் ரகசியமாக இருக்கட்டும். அவற்றை யாரும் கேட்கவில்லை. சதவிகிதம் ரகசியமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறவர், 51க்குக் கீழே இறங்கவில்லை என்பதையாவது வாடிக்கைக்காரருக்குக் காட்டட்டும். ஹோட்டல் உரிமையாளர் சங்கங்கள் இதைத் தாமாகவே ஏற்றுக்கொண்டால் சர்க்கார் தலையிட அவசியமே இராது. அடுத்த முறை காப்பி வந்து மேஜையில் வைக்கப்படும்போது, "இதில் சிக்கரி எத்தனை பங்கு?" என்று சிப்பந்தியை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாதென்றால், முதலாளியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.